பெரிய டிவி வாங்கியாச்சு... சவுண்டுக்கு? வாட்ஸ் நம்பரைப் பார்த்து ரிசீவர் வாங்காதீங்க பாஸ்!

2025 செப்டம்பர் 22-ம் தேதி, 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜி.எஸ்.டி 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. ரொம்ப நாளாக 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டவர்கள்கூட 55 இன்ச்சைத் தூக்கிக்கொண்டு வந்து ஹால் சுவரில் மாட்டிவிட்டார்கள். படம் பளிச்சென்று இருக்கிறது. சத்தம்?

டயலாக் கேட்கலைன்னு வால்யூமை ஏத்துவீங்க. அடுத்த செகண்டே சண்டை சீன் வரும், பதறிப்போய் குறைப்பீங்க. கடைசியில் தமிழ்ப் படத்தையே சப்டைட்டில் போட்டுப் பார்ப்பீங்க. டிவி மேல் தப்பில்லை. உடம்பு மெலிய மெலிய, உள்ளே ஸ்பீக்கருக்கு இடம் இல்லை. பல மாடல்களில் இருக்கிற குட்டி ஸ்பீக்கரும் தரையைப் பார்த்துத்தான் பேசுகிறது.

இதற்கு சவுண்ட்பார் சுலபமான வழி. ஆனால், நல்ல ஸ்பீக்கர்களை ஒரு ஏ.வி ரிசீவரோடு சேர்ப்பதுதான் நீண்ட நாள் உழைக்கும் வழி. ரிசீவர் என்பது டிவியிலிருந்து வரும் ஒலியைப் பிரித்து, பவர் ஏற்றி, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் பெட்டி. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பட்ஜெட்டில் பெரும்பகுதியை 'அதிக வாட்ஸ்' ரிசீவரில் போட்டுவிட்டு, மிச்சத்தில் ஏதோ ஒரு ஸ்பீக்கர் வாங்குகிறார்கள். அதைத் திருப்பிப் போடணும்!

ஒரே பெட்டி, மூன்று நம்பர்

2000-களில் ஆடியோ செட் வாங்கிய வீடுகளில் கேட்டுப் பாருங்க. பெட்டி மேல் 'பி.எம்.பி.ஓ' என்று ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டிருக்கும். அந்தப் பழக்கம் இன்னும் முழுசாப் போகலை, கொஞ்சம் நாகரிகமாகியிருக்கு, அவ்வளவுதான்.

யமஹா ஆர்எக்ஸ்-வி385 என்ற அறிமுக நிலை ரிசீவரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விவரக் குறிப்பில் மூன்று பவர் எண்கள் இருக்கின்றன: 135 வாட், 100 வாட், 70 வாட். மூன்றுமே உண்மை. 135 என்பது ஒரே ஒரு சேனல் மட்டும் ஓடும்போது, 10 சதவிகித ஒலிச் சிதைவை அனுமதித்து எடுத்தது. அந்த அளவு சிதைவை நீங்கள் உட்கார்ந்து கேட்க மாட்டீர்கள். 70 வாட் என்பது இரண்டு சேனல்கள் சேர்ந்து ஓடும்போது, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 0.09 சதவிகிதச் சிதைவில் எடுத்தது. எந்த பிராண்டாக இருந்தாலும் இந்த மாதிரி நிபந்தனையில் அளந்த எண்ணைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும்.

70 வாட் போதுமா?

போதும். எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஸ்பீக்கர் பெட்டியில் 'சென்சிட்டிவிட்டி' என்று ஓர் எண் இருக்கும். 87 டெசிபல் என்றால், 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுக்கும்போது 1 மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் சத்தம் வரும். 10 வாட் கொடுத்தால் 97. நீங்கள் 3 மீட்டர் தள்ளி சோபாவில் இருக்கிறீர்கள், அதில் 9 டெசிபல்வரை குறையும் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் 88. அதுவே உரக்கத்தான் கேட்கும். மிச்சமுள்ள 60 வாட், குண்டு வெடிக்கிற மாதிரியான நொடிகளுக்கான கையிருப்பு.

பவரை இரண்டு மடங்காக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். 70 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் சுமார் 1.5 டெசிபல். அதற்காகப் பல ஆயிரம் கூடுதலாகக் கொடுப்பதைவிட, 87-க்குப் பதில் 90 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால் அதே 3 டெசிபல் வந்துவிடும். ஸ்பீக்கருக்கு முதலிடம் கொடுங்க என்று சொல்வது இதனால்தான்.

கூடவே 'ஓம்' எண்ணையும் பாருங்க. 4 ஓம் ஸ்பீக்கர் அதிக மின்னோட்டம் இழுக்கும், பட்ஜெட் ரிசீவர் திணறும். 6 அல்லது 8 ஓம் என்றால் நிம்மதி.

எதில் மிச்சம் பிடிக்கலாம்?

* முதல் நாளே ஐந்து ஸ்பீக்கர் வேண்டாம். இரண்டு நல்ல புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரோடு தொடங்குங்க. அடுத்து டயலாக்குக்கு சென்டர், பிறகு சப்வூஃபர். ரிசீவர் வைத்திருப்பதன் பெரிய லாபமே இப்படித் தவணை முறையில் வளர்க்கலாம் என்பதுதான்.

* பிளேஸ்டேஷன் 5 இருக்கா? அதை நேராக டிவியில் செருகிவிட்டு, ஒலியை மட்டும் ஹெச்.டி.எம்.ஐ இ-ஆர்க் வழியாக ரிசீவருக்கு எடுத்துக்கலாம். 4கே 120 ஹெர்ட்ஸ் வசதிக்காக விலை கூடிய ரிசீவருக்குப் போக வேண்டியதில்லை.

* ஓ.டி.டி-யில் வரும் டால்பி அட்மாஸ் சாதாரண ஆர்க் இணைப்பிலேயே வரும். ஆனால், 5.1 சேனல் அறிமுக நிலை மாடல்கள் பலவற்றில் அட்மாஸ் கிடையாது. அதற்கு 5.1.2 அமைப்பு, அதாவது ஏழு சேனல் ரிசீவர் வேண்டும். கூரையில் ஸ்பீக்கர் மாட்ட வாடகை வீட்டு ஓனர் விடுவாரா என்று முதலில் கேட்டுக்கோங்க!

எதில் மிச்சம் பிடிக்கக் கூடாது?

'யு.எஸ் மாடல், பாதி விலை' என்று யாராவது சொன்னால் உஷார். அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. தனி டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் கதை முடிந்தது. இந்திய வாரன்டியும் இருக்காது. உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கா என்று விசாரித்த பிறகே பணத்தைக் கொடுங்க. வாங்கியதும் ஷோகேஸுக்குள் வைத்து கண்ணாடிக் கதவை மூடாதீங்க. ரிசீவர் நன்றாகச் சூடாகும், மேலே காற்று போக இடம் வேண்டும்.

கடை அலமாரி சுருங்குது

டிவி வரி குறைந்த அதே செப்டம்பரில் இன்னொரு விஷயமும் நடந்தது. டெனான், மராண்ட்ஸ் பிராண்டுகளை வைத்திருந்த சவுண்ட் யுனைடெட்டை, சாம்சங்கின் ஹார்மன் நிறுவனம் வாங்கி முடித்தது. ஜே.பி.எல்-லும் ஹார்மனுடையதுதான். ரிசீவர் விற்கிற பிராண்டும், அதற்குப் போட்டியாக சவுண்ட்பார் விற்கிற பிராண்டும் இப்போது ஒரே வீட்டுப் பிள்ளைகள். அதற்கு முன்பே, 2022-ல், ஜப்பானின் பழம்பெரும் ஆன்கியோ திவால் நடவடிக்கைக்குப் போனது. அந்தப் பெயரில் ரிசீவர்கள் இப்போது வேறு கைகளிலிருந்து வருகின்றன.

பட்ஜெட் ரிசீவரை இனி யார் எவ்வளவு அக்கறையாகச் செய்வார்கள் என்ற கேள்வி நியாயமானது. இது நமக்குச் சொல்வதும் ஸ்பீக்கரைத்தான். ரிசீவரில் ஹெச்.டி.எம்.ஐ மாறும், ஃபார்மேட் மாறும், கம்பெனியே கை மாறும். நல்ல ஸ்பீக்கருக்கு இரண்டு ஒயர் கொடுத்தால் போதும், அடுத்த ரிசீவரோடும் பாடும்.

அதனால் 75,000 ரூபாய் கையில் இருந்தால், 30,000-ஐ ரிசீவருக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை ஸ்பீக்கருக்கு வைங்க. கடைக்குப் போகும்போது, உங்க டிவியில் எந்தப் படத்தின் டயலாக் புரியாமல் சப்டைட்டில் போட்டீங்களோ, அந்தப் படத்தையே போனில் எடுத்துட்டுப் போங்க. கடைக்காரர் போடுகிற டெமோவில் எல்லாமே பிரமாதமாகத்தான் இருக்கும். அந்த சீனைப் போடச் சொல்லி, திரையைப் பார்க்காமல் கேளுங்க. வசனம் புரிந்தால் பில் போடச் சொல்லுங்க.