மதம் மாறினால் சாதி போய்விடுமா?

"கிறிஸ்தவத்தில்தான் சாதியே கிடையாதே, அப்புறம் எதற்கு எஸ்.சி. சான்றிதழ்?" ஆர்.கே.பேட்டை தாலுகா ஆபீஸ் வாசலிலும் கேட்கலாம், டெல்லியிலும் கேட்கலாம் இந்தப் பேச்சை. வேதப்புத்தகத்தில் சாதி இல்லை என்பது உண்மை. இந்த மண்ணில் அந்த மதம் வேரூன்றிய விதமோ வேறு.

1606இல் மதுரைக்கு வந்த சேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தினார், பூணூல் போட்டார், சமையலுக்குப் பிராமணரை வைத்தார். பரதவர்களுக்கு ஊழியம் செய்துவந்த சக பாதிரியாரை விட்டு விலகித் தனியே குடியிருந்தார். சீனத்தில் மத்தேயோ ரிச்சி கன்பூசிய அறிஞரின் உடை தரித்ததும் இதே வழிமுறைதான். ஆனால் அங்கே தகராறு மூதாதையர் வழிபாட்டைப் பற்றியது. இங்கே சமரசம் சாதியோடு. பூணூலும் குடுமியும் சமயச் சின்னமல்ல, சமூக அடையாளமே என்று நொபிலி வாதாடினார். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அவற்றை அனுமதித்தார். மதம் மாறியவன் சாதியை விட வேண்டியதில்லை என்பதற்கு ரோமாபுரியே இசைந்துவிட்டது!

பறையர் வீட்டு நோயாளியிடம் குருமார் போயே ஆக வேண்டும் என்று 1704இல் போப்பின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் ஆணையிட நேர்ந்தது. அதுவரை போகவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? சீனச் சடங்குகளை 1742இல் அடியோடு தடைசெய்த பதினான்காம் பெனடிக்ட், இரண்டே ஆண்டில், பறையருக்கெனத் தனிக் குருமாரை வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். கன்பூசியசுக்கு விளக்கேற்றுவது பாவம், மனிதனைத் தள்ளிவைப்பது பாவமில்லை! அந்தத் தள்ளிவைப்பு பின்னும் தொடர்ந்தது: வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த தேவாலயத்தில் சாதிக்கொரு பக்கமாக உட்கார வைத்தார்கள்.

சபைக்குள் சாதி இருந்தால் அது சபையின் குற்றம், அரசு என்ன செய்யும் என்பார்கள். குற்றம் சபையினுடையதுதான், தண்டனை மட்டும் ஏன் ஒடுக்கப்பட்டவனுக்கு? 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணை பட்டியல் சாதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். அவையும் சாதியை ஏற்காத மதங்கள்தானே? கிறிஸ்தவ ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலில் கிடக்கிறார். சேரியில் அடிபட்டாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்கு உதவாது. அடித்தவன் அவருடைய ஞானஸ்நானச் சான்றைப் பார்த்துவிட்டா அடித்தான்?

பட்டியல் சாதியை மதத்தோடு கட்டிப்போடும், 1950 ஆணையின் மூன்றாம் பத்தியை நாடாளுமன்றம் நீக்க வேண்டும்.