மாலை மாற்றினால் மட்டும் போதுமா?

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் எத்தனையோ சுயமரியாதைத் திருமணங்களை நாம் நடத்தி வைத்திருக்கிறோம். புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. மணமக்கள் உறுதிமொழி கூறினார்கள், மாலை மாற்றிக் கொண்டார்கள், தலைவர்கள் வாழ்த்திப் பேசினார்கள். மணமகன் மராட்டியராகவோ, மணமகள் உத்தரப்பிரதேசத்துப் பெண்ணாகவோ இருந்த மணங்களும் அவற்றில் உண்டு. ஒரே சாலில், ஒரே குழாயடியில் வளர்ந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் விரும்புவதில் வியப்பென்ன? அந்த மேடைகளில் நின்று நாமும் கைதட்டினோம். ஆனால் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டோம். அந்தக் குற்றம் நம்முடையது.

சென்ற ஆண்டு ஒரு சகோதரி சங்கத்திற்கு வந்தார். அவர் தமிழ்ப் பெண். கணவர் மராட்டியர், பௌத்தர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் தோழர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக் கொண்டவர்கள். கணவர் மாரடைப்பில் போய்விட்டார். அவர் வேலை பார்த்த இடத்தில் சேமநிதியும் பென்ஷனும் கேட்கப் போனபோது, மனைவி என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மாள் கொண்டு போனது அழைப்பிதழும் ஒரு புகைப்படமும். படத்தில் நம் சங்கக் கொடி இருக்கிறது, வாழ்த்திப் பேசியவர்கள் இருக்கிறார்கள். சான்றிதழ்தான் இல்லை. கணவரின் அண்ணன், "அப்படி ஒரு கல்யாணமே நடக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நெடுங்காலம் கணவன் மனைவியாய் வாழ்ந்தவர்களை மணமானவர்களாகவே கருதும் வழக்கம் நீதிமன்றங்களுக்கு உண்டு. ஆனால் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண் எத்தனை வாய்தாவுக்கு அலைவாள்?

அண்ணா ஆட்சிக்கு வந்த 1967-லேயே சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று சட்டம் வந்துவிட்டதே என்று தோழர்கள் கேட்கிறார்கள். வந்தது உண்மைதான். 1928-இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்காலம் இந்த மணங்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. இடையில் சென்னை உயர்நீதிமன்றமே அப்படியொரு மணம் செல்லாது என்றும் தீர்ப்பளித்தது. அண்ணா அந்த இழிவைத் துடைத்தார். இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு சேர்ந்தது. உற்றார் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலும், மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் மணம் செல்லும். ஊரைக் கூட்டி விழா எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் தோழர்களே, அது தமிழ்நாடு சட்டமன்றம் செய்த திருத்தம். தமிழ்நாட்டில் நடக்கும் மணங்களுக்கே அது பொருந்தும். மும்பைக்கு வரும் ரயில் அரக்கோணம் தாண்டி ஆந்திர எல்லைக்குள் நுழைந்ததும் 7ஏ பிரிவு இறங்கிக் கொள்கிறது. நாம் மட்டும்தான் தாதர் வந்து சேருகிறோம்!

மகாராஷ்டிரத்தில் இந்து திருமணச் சட்டப்படி மணம் செல்ல வேண்டுமானால், மணமக்களில் ஒருவருடைய வழக்கப்படியாவது சடங்கு நடந்திருக்க வேண்டும். பௌத்தர்களும் இந்தச் சட்டத்திற்குள் வருகிறவர்கள்தாம். அவர்களுடைய வழக்கப்படி புத்த வந்தனம் சொல்லி நடத்தினாலும் போதும். எதுவுமே இல்லாமல் மாலை மட்டும் மாற்றிவிட்டு, பிறகு மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் பதிந்து கொண்டால் ஆயிற்று என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். சடங்கே நடக்காத மணத்தை வெறும் பதிவுச் சான்றிதழ் செல்லத்தக்கதாக்காது என்று 2024 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் கூறியிருக்கிறது. மணமக்களில் ஒருவர் இஸ்லாமியராகவோ கிறித்தவராகவோ இருந்தால் இந்தச் சட்டத்திற்கே அங்கு வேலையில்லை.

அப்படியானால் சடங்குக்குத் திரும்பிப் போவதா? வேண்டாம். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. சாதி, மதம், மொழி எதையும் அது கேட்பதில்லை. யாரும் மதம் மாற வேண்டியதில்லை. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது. இருவருக்கும் உயிரோடிருக்கும் வேறு துணை இருக்கக்கூடாது. விலக்கப்பட்ட நெருங்கிய உறவாக இருக்கக்கூடாது. மனமொத்துச் சம்மதிக்கும் நிலையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அண்ணல் அம்பேத்கர் 1948-இல் மறுமணம் செய்து கொண்டதும் பதிவுத் திருமணமாகத்தான்.

இருவரில் ஒருவராவது முப்பது நாள் குடியிருந்த மாவட்டத்தின் திருமண அதிகாரியிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இங்கேயே நம் ஆட்கள் தடுமாறுகிறார்கள். தாராவியும் மாட்டுங்காவும் மும்பை நகர மாவட்டம். செம்பூரோ மும்பை புறநகர் மாவட்டம். 1990 முதல் இவை இரண்டு தனி மாவட்டங்கள். செம்பூர்க்காரர் கோட்டைப் பகுதிக்குப் போய் வரிசையில் நின்று, உங்கள் அலுவலகம் இதுவல்ல என்று திருப்பி அனுப்பப்பட்டால் ஒரு நாள் கூலி போச்சு. வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படங்கள், முன்பு மணமாகி முறிந்திருந்தால் விவாகரத்து ஆணை, துணை இறந்திருந்தால் இறப்புச் சான்று இவற்றைக் கையோடு கொண்டு போக வேண்டும்.

முகவரி விஷயத்தில் பெற்றோர்கள் கவனம் வைக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறோம். நோட்டீஸ் அலுவலகச் சுவரில் முப்பது நாள் தொங்கும். மணமக்களில் ஒருவர் நிரந்தரமாக வசிப்பது வேறு மாவட்டம் என்றால், ஒரு நகல் அந்த மாவட்டத்திற்கும் போய் அங்கேயும் ஒட்டப்படும். நம்மில் பலர் ஊர்ப்பாசத்தில் ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் திருநெல்வேலி முகவரியையே வைத்திருக்கிறோம். தாராவியில் பிறந்து, தாராவியிலேயே படித்து, வேலைக்கும் போகும் பெண்ணின் காகிதம், அவள் இரண்டு முறை மட்டுமே பார்த்த ஊரில் போய்த் தொங்குகிறது. அங்கே அதை யார் படிப்பார், படித்துவிட்டு யாரிடம் சொல்வார்? 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், சாதி மறுத்து மணந்த ஓர் இளைஞர் பட்டப்பகலில் பேருந்து நிலையத்தருகே வெட்டிக் கொல்லப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. மனைவிக்கும் வெட்டு விழுந்தது. சட்டம் கேட்பது நிரந்தரமாக வசிக்கும் இடத்தை. பூர்வீகத்தை அது கேட்கவில்லை. பிள்ளைகள் வசிக்கும் இடம் மும்பை என்றால், காகிதங்களையும் மும்பை முகவரிக்கு மாற்றி வையுங்கள். கல்யாணப் பேச்சு எழும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஒரே சாதிக்குள் புரோகிதரை வைத்து மணப்பவனுக்கு முப்பது நாள் நோட்டீஸ் கிடையாது. எல்லை தாண்டி மணப்பவன்தான் சுவரில் பெயரைத் தொங்கவிட வேண்டுமாம். இது என்ன நியாயம்? இந்த விதியை நீக்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை. நீக்கும்வரை அதற்குள்தான் நாம் வழி பார்க்க வேண்டும்.

நோட்டீசைப் பார்த்துவிட்டு யாராவது ஆட்சேபணை கொடுத்தால் பயந்துவிடாதீர்கள். வயது, உயிரோடிருக்கும் துணை, நெருங்கிய உறவு, மனநிலை என்று சட்டம் சொன்ன காரணங்களைத்தான் அதிகாரி பார்க்கலாம். "எங்களுக்குச் சம்மதமில்லை" என்பது ஆட்சேபணையே ஆகாது. அதிகாரி முப்பது நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும்; மறுத்துவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் முறையிடலாம். மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கொடுங்கள். இத்தகைய இணையரைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்று 2018 மார்ச்சிலேயே உச்சநீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

முப்பது நாள் கழிந்த பின், மூன்று சாட்சிகளோடு மணம். நோட்டீஸ் கொடுத்த மூன்று மாதத்திற்குள் நடத்தாவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகையால் மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன் நோட்டீஸ் தேதியை எண்ணிக் கொள்ளுங்கள். பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. கூடுதல் கட்டணம் செலுத்தினால், நியாயமான தொலைவுக்குள் நாம் சொல்லும் இடத்திலேயே மணத்தை நடத்தச் சட்டம் இடம் தருகிறது. உறுதிமொழியும் மணமக்களுக்குப் புரியும் எந்த மொழியிலும் இருக்கலாம். அவள் தமிழில் சொல்லட்டும், அவன் மராட்டியில் சொல்லட்டும். நம் சங்க மேடையிலேயே மாலையும் மாற்றி, அதிகாரி முன் கையெழுத்தும் போட்டுவிட்டால் பெரியார் சொன்னதும் நடந்தது, சட்டமும் நடந்தது. இனி நோட்டீஸ் கொடுத்த ரசீதைக் காட்டாத எந்த மணத்திற்கும் சங்கம் மேடை தரக்கூடாது என்பது எங்கள் கருத்து. கடுமை என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சகோதரியின் முகத்தைப் பார்த்தவர்கள் சொல்ல மாட்டார்கள்.

நாட்டின் எல்லையையே தாண்டும் மணங்களும் வருகின்றன. வளைகுடாவுக்குப் போன பிள்ளை இலங்கைப் பெண்ணையோ பிலிப்பைன்ஸ் பெண்ணையோ மணக்க விரும்புகிறான். இங்கே வந்து மணந்தால் இதே 1954 சட்டம்தான். வெளிநாட்டவர் பாஸ்போர்ட், விசாவுடன், மணமாகாதவர் என்பதற்குத் தம் நாட்டுத் தூதரகச் சான்றும் கொண்டுவர வேண்டியிருக்கும். அங்கேயே மணப்பதானால் 1969-இன் வெளிநாட்டுத் திருமணச் சட்டப்படி இந்தியத் தூதரகத்தில் கேட்க வேண்டும். அந்த நாட்டுச் சட்டம் தடுத்தால் அதிகாரி மறுக்கலாம் என்பதையும் அறிந்திருங்கள். தாலி ஏறியதும் குடியுரிமை வந்துவிடும் என்று ஏஜெண்டுகள் சொல்வதை நம்பாதீர்கள். இந்தியரை மணந்தவர் ஏழாண்டுகள் இங்கே வசித்த பிறகுதான் அதற்கு விண்ணப்பிக்க முடியும்.

ஏற்கெனவே மாலை மாற்றி வாழ்கிறவர்களுக்கும் வழி உண்டு. இதே சட்டத்தின் 15-ஆம் பிரிவில் பழைய மணத்தைப் பதிந்து கொள்ளலாம். இருவருக்கும் 21 நிறைந்திருக்க வேண்டும். இதற்கும் முப்பது நாள் நோட்டீஸ் உண்டு. இடையில் பிறந்த பிள்ளைகளும் சட்டப்படியான பிள்ளைகளே ஆவார்கள். ஆனால் கணவன் மனைவி இருவரும் சேர்ந்துதான் கையெழுத்திட்டு விண்ணப்பிக்க வேண்டும். அந்தச் சகோதரிக்கு இந்தக் கதவு அடைபட்டுவிட்டது. அவருக்காக வழக்கறிஞர் பார்த்திருக்கிறோம். மற்றவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கத்திற்கு வாருங்கள். படிவத்தை நாங்கள் நிரப்பித் தருகிறோம். இருவருமாக வாருங்கள், ரேஷன் கார்டை மறக்காமல் எடுத்து வாருங்கள்.