கணக்கு கேட்கிறவர்கள் செலவிலும் பங்கு எடுக்கட்டும்



போன வாரம் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவன் வீட்டுக்கு வந்தான். திருப்பூரில் வாடகை ஷெட்டில் 6 நிட்டிங் மெஷின் வைத்து ஜாப் ஒர்க் ஓட்டுகிறான். கையில் எக்ஸ்போர்ட் கம்பெனி அனுப்பிய ஃபாரம், நாலு பக்கம். மூன்று வருட கரண்ட் யூனிட் எவ்வளவு, ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசல் எவ்வளவு, சோலார் உண்டா, 2030க்குள் கார்பனை எவ்வளவு குறைப்பீர்கள்? "சார், நீங்கதானுங்க கணக்கு சொல்லிக் குடுத்தீங்க, இதையும் போட்டுக் குடுங்க" என்றான். சிரித்துக்கொண்டே வாங்கினேன். நிரப்ப நிரப்பக் கோபம் வந்தது.

கேட்பது தப்பில்லை. ஒரு பனியனின் கார்பனில் பெரும்பகுதி அதை விற்கிற கடையில் உண்டாவதில்லை. நூல் மில்லிலும், நிட்டிங்கிலும், சாயப்பட்டறை பாய்லரிலும்தான். ஐரோப்பாவில் ஒரு பிராண்டு "பாதியாகக் குறைப்போம்" என்று அறிக்கை விட்டால், குறைக்க வேண்டியவன் நம்மூர்க்காரன். சரி, காசு யார் போடுவது? ஃபாரத்தில் அந்தக் கேள்வியே இல்லை. வாடகை ஷெட் கூரையில் சோலார் போட ஓனர் விடுவாரா? அடுத்த சீசன் ஆர்டர் உண்டா என்றே தெரியாதவனுக்கு எந்த பேங்க் கடன் தரும்? இதற்கு நடுவில், கிலோவுக்குக் கொடுக்கும் கூலியில் 50 பைசா குறைக்கச் சொல்லி அதே கம்பெனியிலிருந்து போன்!

நொய்யல் கதை உங்களுக்குத் தெரியும். பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கியது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நியாயம் விவசாயிகள் பக்கம்தான் என்று அன்றே சொன்னேன். சில சொந்தக்காரர்கள் என்னிடம் பேச்சை நிறுத்தினார்கள். தனி ஒரு பட்டறையால் அந்தச் செலவு தாங்காது. பலர் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் நடத்தி, தண்ணீரையும் உப்புக் கரைசலையும் திரும்ப எடுத்ததால்தான் தொழில் பிழைத்தது. ஆனால் மிஞ்சும் கழிவை ஆவியாக்கக் கரண்ட்டும் பாய்லர் நீராவியும் வேண்டும். ஆற்றைக் காப்பாற்ற எரித்ததும் இன்று நம் கார்பன் கணக்கில்தான் ஏறுகிறது.

எக்ஸ்போர்ட்டராக இருக்கும் என் பிள்ளைகளே, கோவிச்சுக்காதீங்க. வெளிநாட்டுக்காரன் உங்களிடம் செய்வதைத்தான் நீங்கள் ஜாப் ஒர்க்காரனிடம் செய்கிறீர்கள். உங்களில் சிலருக்குப் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலை இருக்கிறது. உங்கள் ஃபேக்டரி கணக்கு பச்சையாகிவிடும். உங்கள் துணியை ஓட்டிக் கொடுப்பவன் ஈபி கரண்ட்டில்தான் ஓட்டுகிறான்.

"பங்களாதேஷ்காரன் குறைச்சுக் குடுக்கறான் சார்" என்பீர்கள். ரேட்டில் அவனோடு போட்டி போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்காக 6 மெஷின்காரன் தலையிலா கை வைப்பது?

கோவையில் 1956 முதல் சிட்ரா இருக்கிறது. பத்து ஜாப் ஒர்க் யூனிட்டுகளைச் சேர்த்து, உங்கள் செலவில் ஒரு மின்சாரத் தணிக்கை செய்யுங்கள். ஒழுகும் கம்ப்ரசர் காற்றும், நாலு தடவை காயில் கட்டிய பழைய மோட்டாரும் எவ்வளவு கரண்ட் தின்கிறது என்று தெரியும். மோட்டார் மாற்ற முன்பணம் கொடுங்கள், மிச்சமாகும் பில்லில் மாதாமாதம் கழித்துக்கொள்ளுங்கள். மூன்று வருட வேலைக்கு எழுத்தில் உறுதி கொடுங்கள். அதே உறுதியை உங்கள் பிராண்டுகளிடமும் கேளுங்கள்.

அந்த ஃபாரத்தை நிரப்பி அனுப்பிவிட்டோம். கடைசியில் 'குறிப்பு' என்று கொஞ்சம் காலி இடம் இருந்தது. "இந்தச் செலவில் உங்கள் பங்கு எவ்வளவு?" என்று என் கையெழுத்திலேயே எழுதினேன். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.