பழைய தீர்ப்பும் புதிய உண்மையும்

பிரித்தறிவதைக் குறிக்கும் 'டிஸ்டிங்விஷ்' என்னும் ஆங்கில வினைச்சொல் அன்றாடப் பேச்சில் கண்ணும் செவியும் செய்யும் வேலையைச் சொல்லும் எளிய சொல்லாக இருக்க, இங்கிலாந்தின் பொதுச் சட்ட மரபில், அதாவது நாடாளுமன்றம் இயற்றிய விதிகளோடு நீதிபதிகளின் தீர்ப்புகளும் சட்டமாக மதிக்கப்படும் மரபில், அது ஒரு தொழிற்சொல்லாக இறுகியிருக்கிறது. ஒரு நீதிபதி பழைய வழக்கொன்றை 'டிஸ்டிங்விஷ்' செய்தார் என்றால், அந்தத் தீர்ப்பைத் தவறென்று சொல்லாமலும் தள்ளாமலும், தம்முன் உள்ள வழக்கின் உண்மைகள் முக்கியமான ஓரிடத்தில் மாறுபடுவதால் அது இங்கே பொருந்தாது என்று காரணம் காட்டினார் என்று பொருள்.

மேல் நீதிமன்றத்தின் தீர்ப்பு கீழ் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும் என்பதே முன்தீர்ப்புக் கோட்பாடு. அன்று இங்கிலாந்தின் உச்ச முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 1898இல் லண்டன் டிராம்வேஸ் வழக்கில், தன் முந்தைய தீர்ப்புகள் தன்னையே கட்டுப்படுத்தும் என்று அறிவித்துவிட்டு 1966 வரை அதிலிருந்து இறங்கவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1944இல் சில விதிவிலக்குகளோடு அதே நிலையை எடுத்தது. பழைய தீர்ப்பை மாற்றும் அதிகாரம் இல்லாத நீதிபதிக்கு, அதைப் பின்பற்றினால் அநீதி விளையும் என்று தெரிந்தபோது, நேர்மையாகத் திறக்கக்கூடிய கதவு இப்படி வேறுபடுத்திக் காட்டுவது ஒன்றுதான்.

அந்தக் கதவு எப்படித் திறந்தது என்பதற்கு 1919இன் பால்ஃபர் வழக்கையும் 1970இன் மெரிட் வழக்கையும் அடுத்தடுத்துப் படிப்பதே நல்ல விளக்கம். பால்ஃபர் இலங்கையில் அரசு நீர்ப்பாசனத் துறையில் பணியாற்றிய பொறியாளர். 1915இல் விடுப்பில் மனைவியோடு இங்கிலாந்து சென்ற அவர், மருத்துவர் சொற்படி மனைவியை அங்கேயே விட்டுவிட்டு 1916இல் தனியே கொழும்புக்குத் திரும்பும்போது, மாதம் 30 பவுன் அனுப்புவதாக வாக்களித்தார். பின்னர் உறவு முறிந்தது. மனைவி அந்தத் தொகைக்காக வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றத்தில் நீதிபதி சார்ஜன்ட் அவர் பக்கம் தீர்ப்பளிக்க, மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. கணவனும் மனைவியும் இல்லறத்தில் செய்துகொள்ளும் ஏற்பாடுகளில் சட்டப் பிணைப்பை உண்டாக்கும் எண்ணம் பொதுவாக இருப்பதில்லை என்றும், இத்தகைய வாக்குகளையெல்லாம் விசாரிப்பதானால் நாட்டின் சிறு நீதிமன்றங்களை நூறு மடங்காக்க வேண்டிவரும் என்றும் நீதிபதி அட்கின் கருதினார். (வந்து கேட்டவரோ ஒரே ஒரு பெண்மணி.)

மெரிட் வழக்கில் கணவர் 1966இல் மனைவியை விட்டு வேறொரு பெண்ணோடு வாழப் போய்விட்டார். இருவரும் ஒரு காரில் அமர்ந்து பேசியபோது, மாதம் 40 பவுன் தருவதாக அவர் ஒப்புக்கொண்டதோடு, வீட்டின் அடமானக் கடன் அடைந்ததும் வீட்டை மனைவி பெயருக்கு மாற்றித் தருவதாகவும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டார். மனைவி கடனை அடைத்தார். கணவர் வாக்குத் தவறினார். பால்ஃபர் தீர்ப்பு தம்மைக் காக்கும் என்ற அவருடைய வாதத்தை டென்னிங் பிரபு தலைமையிலான அமர்வு ஏற்கவில்லை. பால்ஃபர் தம்பதியர் வாக்குறுதியின்போது இணக்கமாக வாழ்ந்தவர்கள். மெரிட் தம்பதியரோ பிரிந்துவிட்டவர்கள். பிரிந்தவர்கள் பேரம் பேசுகையில் எதையும் நம்பிக்கைக்கு விடாமல் உறுதியாக்கிக்கொள்ளவே விரும்புவார்கள் என்பதே அமர்வு காட்டிய வேறுபாடு.

இரு வழக்குகளுக்கும் இடையே வேறு வேறுபாடுகளும் இருந்தன: முன்னதில் எழுத்து இல்லை, பின்னதில் உண்டு, முன்னதில் கடல் கடந்த பிரிவு, பின்னதில் உள்ளூர்ப் பிரிவு, தொகைகூட ஒன்றல்ல. எந்த இரண்டு வழக்கும் எல்லாக் கூறுகளிலும் ஒத்திருக்காது என்பதால், வேறுபாடு காண்பதில் திறமை எதுவும் இல்லை. எந்த வேறுபாடு சட்டத்தின் கண்ணில் எடை உடையது என்று சொல்வதில்தான் இருக்கிறது. முன்தீர்ப்பில் கட்டுப்படுத்துவது, முடிவுக்கு இன்றியமையாததாகிய, லத்தீனில் 'ரேஷியோ டெசிடெண்டி' எனப்படும் காரணமே. அதைக் கண்டறிய, அந்த நீதிபதி முக்கியம் என்று கொண்ட உண்மைகளை அவருடைய முடிவோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று சட்ட அறிஞர் ஆர்தர் குட்ஹார்ட் 1930இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் வாதிட்டார். இந்த ஒழுங்கு இல்லையென்றால், பிடிக்காத தீர்ப்பை ஒதுக்க ஏதாவதொரு சில்லறை வேறுபாட்டைத் தேடிப்பிடிக்கும் வழக்கறிஞர் சாமர்த்தியமாக இது சரிந்துவிடும். சரிந்த தீர்ப்புகளும் உண்டு.

வேறுபடுத்திக் காட்டுவதற்கு இன்னொரு விலையும் உண்டு. வேறுபடுத்தப்பட்ட தீர்ப்பு உயிரோடுதான் இருக்கிறது. மெரிட் வழக்கால் பிரிந்த மனைவிக்கு நீதி கிடைத்தது. கூடி வாழும் மனைவியின் நிலை 1919இல் விட்ட இடத்திலேயே நின்றது. வீட்டைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திய அட்கினின் பார்வை பொருளாதாரத்தில் கணவனைச் சார்ந்திருந்த பெண்ணையே கைவிட்டது என்று பெண்ணியச் சட்ட அறிஞர்கள் பின்னாளில் கண்டித்தனர்; அந்தக் குறையை நேரில் எதிர்கொள்ளவேண்டிய தேவை, சுற்றிக்கொண்டு போக வழி இருந்ததால், மெரிட் அமர்வுக்கு எழவேயில்லை.

இந்தியாவில் அரசமைப்பின் 141ஆம் உறுப்பு, உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது. ஆகவே உயர் நீதிமன்றங்களுக்கும் வேறுபடுத்திக் காட்டுவதே வழி. நிலம் கையகப்படுத்தல் தொடர்பாகத் தமிழ்நாடு அரசுக்கு எதிராக எழுந்த பத்மசுந்தர ராவ் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம், ஒரே ஒரு உண்மை கூடினாலோ மாறினாலோ முடிவு வெகுவாக மாறக்கூடும் என்றும், தீர்ப்பின் சொற்களைச் சட்டப்பிரிவின் சொற்களைப் போலப் படிக்கலாகாது என்றும் எச்சரித்தது. பால்ஃபர் தீர்ப்போ இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாத அயல்நாட்டுத் தீர்ப்பு. அது கோரும் சட்டப் பிணைப்பு எண்ணத்தை 1872இன் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவும் வெளிப்படையாகக் கேட்கவுமில்லை. ஆயினும் அந்தத் தீர்ப்பு நம் சட்டக் கல்லூரிகளின் ஒப்பந்தப் பாடத்தில் தொடர்ந்து நடத்தப்படுகிறது. அதை வேறுபடுத்திக் காட்டத் தேவையான முதல் உண்மை மாணவர் கையிலுள்ள அந்தச் சட்டநூலிலேயே இருக்கிறது.