மேற்காது குத்திய பின்னர்

சென்ற வாரம் உரும்பிராயில் உள்ள உறவினர் இல்லமொன்றிற்குச் சென்றிருந்தேன். அவ்வீட்டுப் பெண் கல்லூரியிற் பயில்பவள். மேற்காதிலே துளையிட்டுச் சிறு வளையம் ஒன்றை அணிந்துகொண்டு வந்து நின்றாள். தாயின் முகத்திலே சினம் படர்ந்தது. ஆச்சியோ நகைத்தார். “எடி பிள்ளை, இது என்ன புதினமே? என்ரை ஆச்சி அந்த இடத்திலைதான் கொப்புப் போட்டவ” என்றார்.

உண்மைதான். கொப்பும் முருகும் தமிழ்ப் பெண்டிர் மேற்காதில் அணிந்த பழைய அணிகளே. ஆனால் ஆச்சி அத்துடன் நில்லாது, நல்லெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துக் கொணர்ந்தார். வளையத்தை நாள்தோறும் திருகிவிடும்படியும் பணித்தார். அன்பினாற் செய்ததே. எனினும், இவ்விடத்தில் நாம் சற்றுச் சிந்தித்தல் வேண்டும்.

காதுச் சோணை வேறு, மேற்காது வேறு. சோணை, குருதியோட்டம் நிறைந்த மெல்லிய பகுதி. அங்கே இட்ட துளை ஆறு முதல் எட்டு வாரங்களில் ஆறிவிடும். மேற்காதோ, மாணவர்கள் கசியிழையம் என்று கற்கும் குருத்தெலும்பினால் ஆயது. அதனுள் குருதிக் குழாய்கள் இல்லை. மேலே போர்த்தியுள்ள மெல்லிய உறையிலிருந்தே அது போசணை பெறுகின்றது. ஆதலின் அத்துளை ஆறுவதற்கு நான்கு முதல் ஆறு மாதங்களேனும் வேண்டும். சிலருக்கு ஓராண்டும் செல்லும். புறத்தே ஆறியதுபோலத் தோன்றினும் உள்ளே புண் இருக்கும். அவ்வுறையின் கீழே சீழ் கட்டினால், போசணையற்ற குருத்தெலும்பு அழியும். அழிந்தது மீண்டும் வளராது. காது சுருங்கி உருக்குலையும்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்திலே, ஒரே கடையிற் காது குத்திக்கொண்டவர்களுள் எழுவருக்குச் சூடோமோனாஸ் என்னும் பற்றீரியா தொற்றியமை உறுதியாயிற்று. எழுவரும் பத்து முதல் பத்தொன்பது வயதுக்கு உட்பட்டவர்கள். எழுவரும் மேற்காது குத்தியவர்கள். நால்வர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர். சிலருடைய காதின் வடிவமே கெட்டது. அக்கிருமி எங்கே இருந்தது தெரியுமா? கிருமிநீக்கி மருந்து வைத்திருந்த போத்தலிலேயே! ஈரம் உள்ள இடமெல்லாம் வாழக்கூடிய கிருமி அது.

ஆகவே, மேற்காது குத்த விரும்புவோர், ஒருமுறை மாத்திரம் பயன்படுத்தும் கிருமிநீக்கிய ஊசியாற் குத்துவோரையே நாடுக. துப்பாக்கி போன்ற கருவி குருத்தெலும்பை நசுக்கும். அதனைச் செவ்வையாகக் கிருமிநீக்கம் செய்தலும் அரிது. நிக்கல் கலந்த மலிவான வளையங்களையும் விலக்குக.

குத்திய பின்னர், கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமற் காதைத் தொடலாகாது. மருந்துக்கடையிற் கிடைக்கும் 0.9 சதவீத உப்புக்கரைசலை நாளுக்கு இருமுறை விட்டு, தூய துணியால் ஒற்றி உலர்த்துங்கள். எண்ணெய், மஞ்சள், வேப்பிலைச் சாறு எவையும் வேண்டா. வளையத்தைத் திருகினால் ஆறுகின்ற புண் மீண்டும் கிழியும். அப்பக்கமாகச் சரிந்து படுத்தலையும் தவிருங்கள். கிணற்றடியில் முழுகிய பின்னர் உப்புக்கரைசலாற் கழுவி, ஈரம் போக ஒற்றிவிடுங்கள். கீரிமலைக் கேணியில் நீராடுவதைப் புண் ஆறும்வரை ஒத்திவையுங்கள்.

முதற் சில நாட்களில் சிறிது வலியும் சிவப்பும் இயல்பே. ஆனால் சோணை நன்றாயிருக்க, மேற்காது மாத்திரம் சிவந்து வீங்கிச் சுட்டால், அல்லது சீழும் காய்ச்சலும் கண்டால், அன்றைய தினமே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கடையில் அமொக்சிசிலின் வாங்கி விழுங்கிக் காலம் போக்க வேண்டா. சூடோமோனாசுக்கு அது பயன்படாது. ஒறிகனிலும் பலருக்கு முதலிற் கொடுத்த மருந்து பயனளிக்கவில்லை. வளையத்தைக் கழற்றுவதா, விடுவதா என்பதையும் வைத்தியரே தீர்மானிக்கட்டும்.

இவற்றையெல்லாம் அன்று எடுத்துரைத்தேன். ஆச்சி கிண்ணத்தைப் பார்த்தார்; பேத்தியின் காதையும் பார்த்தார். “சரி, மஞ்சள் கறிக்கு, உப்புத்தண்ணி காதுக்கு. கையைக் கழுவிப்போட்டு வா பிள்ளை” என்றார். தாயின் முகத்திலும் அப்பொழுதுதான் சிறு முறுவல் தோன்றியது.