அசையைச் சொல்லென்று கொள்வோர்க்கு

சிறகற்றது என்னும் பொருளில் பூச்சியியலார் வழங்கும் ‘ஆப்டரஸ்’ என்ற ஆங்கிலப் பெயரடை, பொதுவாசகர் கண்ணில் அரிதாகவே படுவது. மூன்று அசை; அழுத்தம் முதலசையில். அகராதிகள் அதனை ஆப்-டர்-அஸ் எனப் புள்ளியிட்டுப் பிரிக்கின்றன. வரியின் கடைசியில் இடம் போதாதபோது அச்சில் சொல்லை எங்கே முறிக்கலாம் என்று காட்டுபவை அப்புள்ளிகள். இத்தகைய புள்ளிகளையே வேர்களின் எல்லை என்று கொண்டு, கிடைத்த துண்டுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ச்சொல்லை நிறுத்தி, ‘பார்த்தீர்களா, இங்கிருந்து போனதே!’ என்று முடிக்கும் சொல்லாராய்ச்சிகளை எத்தனை காலம் பொறுப்பது? (‘ஆப்பு’ இன்னும் எங்கள் கண்ணில் படவில்லை, அது எங்கள் நல்லூழ்.)

இச்சொல்லின் உறுப்புகள் பிரியும் இடம் வேறு. கிரேக்கத்தில் ‘அ’ இன்மை குறிக்கும் முன்னொட்டு, ‘ப்டெரோன்’ சிறகு. ஆகவே ‘ப்’ சிறகுக்கு உரியது. ஆனால் சொல்முதலில் ‘ப்ட்’ ஆங்கில நாவுக்கு ஒவ்வாது. ‘டெரோடாக்டைல்’ என்னும் பழங்காலப் பறக்கும் ஊர்வனவின் பெயரில் அந்த ‘ப்’ எழுத்தாக நின்றும் ஒலிப்பதில்லை. ‘ஆப்டரஸ்’ஸிலோ முன்னுள்ள உயிரைப் பற்றிக்கொண்டு பிழைத்தது. 1861இல் பிரெஞ்சுக்காரரான பொன்தோன் தமேகூர் ஆக்கிய ‘ஹெலிகாப்டர்’ என்ற சொல்லும் அத்தகையதே: ‘ஹெலிகோ’ சுருள், ‘ப்டெர்’ சிறகு. மக்கள் அதனை ‘ஹெலி’, ‘காப்டர்’ என முறித்து ‘ஹெலிபேட்’ என்று புதுச்சொல்லும் கண்டனர். வழக்கு அப்படித்தான் நடக்கும்; அதில் குற்றமில்லை. அம்முறிவை வைத்துச் சொல்லின் வரலாற்றை எழுதுவதே குற்றம்.

யாப்பறிந்தோர்க்கு இது விளங்காததா? வகையுளியாய்ச் சொல்லைப் பிளந்து சீரமைத்த செய்யுளுக்கு, பிளந்த துண்டுகளைத் தனிச்சொற்களாக்கி எந்த உரையாசிரியர் பொருள் கூறுவார்?

ஒலிநெறி கொண்டு தேடுவோர்க்குக் கிட்டுவது இதனினும் சுவையானது. வடமொழிப் ‘பாத’த்துக்கு உறவு ஆங்கில ‘ஃபுட்’; ‘பித்ரு’வுக்கு ‘ஃபாதர்’. பகரம் ஃபகரமாகும் அதே நெறியில் ‘ஃபெதர்’ என்னும் இறகு, கிரேக்கத்தின் ‘ப்டெரோன்’, வடமொழியின் ‘பத்ர’ ஆகிய மூன்றும் பறத்தலைக் குறிக்கும் ஓரடியில் பிறந்தவை. ‘பத்ர’ இறகு, இலை, ஏடு என விரிந்தது. அதன் வழியே வந்ததுதான் நாம் கையில் வைத்திருக்கும் பத்திரிகை. காதுக்கு ஆப்டரஸும் பத்திரிகையும் கிஞ்சித்தும் ஒத்திரா.

ஆகவே சொல்லாராய்ச்சியாளரிடம் நாங்கள் கேட்பது ஒன்றே: இன்ன ஒலி இன்னதாக மாறிற்று என்பீராயின், அதே மாற்றம் கொண்ட வேறு பத்துச் சொற்களையும் உடன் காட்டுக. காட்டும்வரை உங்கள் பட்டியல்களை நாங்கள் படிப்பதாயில்லை.