வழி தப்பினா சுட்டுடுவீங்களா?

கேஏஎல் 007 பத்திப் பேச்செடுத்தா ரெண்டே வசனம்தான். ஒண்ணு, "அது உளவு விமானம்பா". இன்னொண்ணு, "பைலட் தூங்கியிருப்பான்". ரெண்டையும் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு மக்கா.

1983 செப்டம்பர் 1. நியூயார்க்லேர்ந்து ஆங்கரேஜ் வழியா சியோல் போன கொரிய ஜம்போ, கம்சாட்காவைத் தாண்டி, சகாலின் மேல பறந்து, சோவியத் ஏவுகணையில அடிபட்டுக் கடல்ல விழுந்துச்சு. 269 பேர், ஒருத்தர்கூடப் பிழைக்கல.

காரணம்? கேட்டா சிரிப்பீங்க. ஆட்டோபைலட்ல ஒரு குமிழ். அதை ஐஎன்எஸ்னு வச்சா, முன்கூட்டியே ஊட்டின புள்ளிகளைப் பிடிச்சுப் போகும். ஹெடிங்ல வச்சா, திசைகாட்டி சொல்ற திசையில நேரா போய்க்கிட்டே இருக்கும். ஐஎன்எஸ்ல வச்சாலும், அதுக்குள்ள பாதையை விட்டு ஏழெட்டு மைல் விலகியிருந்தா பாதையைப் பிடிக்காது. பழைய திசையிலயேதான் போகும். ரெண்டுல ஏதோ ஒண்ணு நடந்திருக்குன்னு 1993 ஐசிஏஓ அறிக்கை சொல்லுது. அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஒருத்தருக்கும் தெரியல. சாவுற வரைக்கும் சரியான பாதையில போறதா நினைச்சுத்தான் பேசிக்கிட்டிருந்தாங்கன்னு ஒலிப்பதிவு காட்டுது. அந்தக் கருப்புப் பெட்டிகளைக் கடல்லேர்ந்து எடுத்து வருசக்கணக்கா ஒளிச்சு வச்சது யாரு? சோவியத்தேதான். உளவுக் கதை பேசுறவங்க இதுக்குப் பதில் சொல்லட்டும்.

தப்பு விமானிகளோடதுதான், இல்லேங்கல. 1978-லயே இதே கம்பெனி விமானம் வழி தப்பி சோவியத்துக்குள்ள போய், சுடப்பட்டு, ரெண்டு பேர் செத்தாங்க. அப்பவே புத்தி வந்திருக்கணும். ஆனா கவனக்குறைவுக்குத் தண்டனை ஏவுகணையா? ஜன்னல் வரிசையைப் பார்த்தேன், பயணிகள் விமானம்னு தெரிஞ்சுதுன்னு சுட்ட விமானியே பின்னால பேட்டி குடுத்தார். எச்சரிக்கைக்குச் சுட்ட குண்டுகள்ல ஒளி விடுற ரகமே இல்லையாம். கும்மிருட்டுல எவன் கண்ணுக்குத் தெரியும்?

பறக்குற பயணிகள் விமானத்தைச் சுடாதீங்கன்னு 1984-ல ஒப்பந்தத்துல தனியா ஒரு பிரிவு சேர்த்தாங்க. இதையெல்லாம் எழுதி வேற வைக்கணுமா சாமி! இந்தச் சாவுக்கு அப்புறம்தான் ஜிபிஎஸ்ஸை எல்லாருக்கும் தர்றதா ரீகன் அறிவிச்சார்.

அந்த ஜிபிஎஸ்ஸுக்கே இப்ப போலி சிக்னல். 2023-ல ஈராக் பக்கம் பறந்த விமானங்களுக்கு வேற இடத்தைக் காட்டி ஏமாத்திச்சு. ஒண்ணு அனுமதியில்லாம ஈரானுக்குள்ள நுழையப் பார்த்துச்சு. நல்லவேளை, தப்பிச்சாங்க. ஒருவேளை உள்ளே போய் அடிபட்டிருந்தா? "பைலட் தூங்கியிருப்பான்"னு அன்னிக்கும் நாலு பேர் சொல்லியிருப்பான்.